வழக்குக்கு முன் பில்லைப் பாருங்கள்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷினை 3.60 லட்சத்துக்கு வாங்கினேன். எங்கள் கயிறு மில்லின் ஜிஎஸ்டி எண்ணில் பில். இரண்டாவது வாரமே பெல்ட் நழுவியது. இப்போது அரை மணி நேரம் ஓடிச் சூடானால் மேடு ஏற மறுக்கிறது. கேட்டால், "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று டீலர் என் ஆட்கள் முன்னாலேயே சொல்கிறார். டிரைவர் போட்டுப் பக்கத்துத் தோப்புகளுக்கு வாடகைக்கு விட்ட வருமானமும் போயிற்று. முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: டீலர் பேசிய பேச்சை ஓரமாக வையுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்பதையும் மறந்துவிடுங்கள். நீங்கள் சட்டப்படி 'நுகர்வோர்'தானா என்பதுதான் இங்கே கேள்வி.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் (எதிர்த்தரப்பு கோவை பிஎஸ்ஜி) உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணம் இன்றும் எடுபடுகிறது: ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், வாங்கி இன்னொருவரை ஓட்டவிடுபவர் அல்ல. உங்கள் மெஷின் சொந்தத் தோப்புக்கு மட்டும் ஓடியிருந்தால் வாதாட இடமிருந்தது. பில்லில் மில்லின் எண், அதன்மேல் உள்ளீட்டு வரியும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை மில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், "தொழிலுக்குத்தான் வாங்கினேன்" என்று அரசாங்கத்திடம் நீங்களே சொன்னதாகிவிடும்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். நஷ்டஈட்டைக் கூட்டிக் காட்டும் ஆசையில் நோட்டீஸிலேயே "தினமும் இத்தனை ஆயிரம் வாடகை வருமானம் இழந்தேன்" என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். மெஷினில் கோளாறு உண்டா இல்லையா என்ற விசாரணைக்கே போகாமல் மனு தள்ளுபடி. அதற்காக வாடகையை மறைத்து அபிடவிட் போடலாமா என்று கேட்காதீர்கள். பக்கத்துத் தோப்புக்காரர் சாட்சிக்கு வந்தால் உங்கள் வழக்கோடு உங்கள் நம்பகத்தன்மையும் போகும். சிவில் கோர்ட் திறந்தே இருக்கிறது. கோர்ட் ஃபீஸும் காலமும் உங்கள் கணக்கு.

இன்னொன்று. அவசரத்தில் உள்ளூர் பட்டறையில் கொடுத்து டிரான்ஸ்மிஷனை (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பகுதி) பிரித்துவிடாதீர்கள். பிரித்த மறுநாளே "வெளியாள் கை வைத்தார், வாரன்டி போச்சு" என்பார்கள். அப்புறம் கோளாறு தயாரிப்பிலேயே இருந்ததா, பட்டறையில் வந்ததா என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிபுணர் அறிக்கை இல்லாமல் 'தயாரிப்புக் குறை' என்ற வாதம் நிற்பதும் கஷ்டம். நிபுணர் பார்க்கும்வரை ஒரு வேலை செய்யுங்கள்: சூடான பின் மேட்டில் திணறுவதை, மெஷின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டர் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் சர்வீஸில் எழுதித்தரும் ஜாப் கார்டுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

முழுப் பணம் திரும்ப வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மாருதி உத்யோக் - சுஷீல் குமார் வழக்கில் (2006) வாரன்டி பழுதான பாகத்தை மாற்றித்தரத்தான் சொல்கிறது, வண்டியையே மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வாரன்டி அட்டையிலும் அநேகமாக அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஆகவே சமரசமாகப் போங்கள். டீலரோடு மல்லுக்கட்டாமல், தயாரிப்பு நிறுவனத்துக்கும் நகல் வைத்து, வாடகைப் பேச்சே இல்லாமல் இரண்டு பத்தியில் ஒரு கடிதம் போடுங்கள். கேட்க வேண்டியது: புது டிரான்ஸ்மிஷன், பெல்ட் செட், அவற்றுக்கு மாற்றிய தேதியிலிருந்து தனி வாரன்டி. நிறுவனத்தின் லெட்டர்பேடில் வாங்குங்கள். வாட்ஸப்பில் வரும் "பண்ணிடலாம் சார்" போதாது. மாற்றிக் கொடுத்த அன்று மெஷினைச் சூடேறும்வரை மேட்டில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் 'முழுத் திருப்தி' என்று அச்சடித்த ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டாம்.