தாய்லாந்து கேள்வி-பதில்: பாங்காக்கைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயண மாதமே இல்லை. எந்த மாதம், எத்தனை நாள், கூட யார் வருகிறார்கள். இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஐந்து நாளில் பாங்காக், பட்டாயா, புக்கெட் முடித்துவிட்டு, சுற்றுலாக்காரர்களே போகாத கிராமம் ஒன்றும் பார்க்க வேண்டும். திட்டம் போட்டுத் தாருங்கள். (சென்னை வாசகர்)

முடியாது. பட்டாயாவையும் புக்கெட்டையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் பேசலாம். வடக்கே லாவோஸ் எல்லைப் பக்கம் ‘நான்’ என்று ஓர் ஊர், பெயரே அதுதான். பாங்காக் மோ சிட் நிலையத்தில் இரவுப் பேருந்து ஏறினால் பத்து, பதினொரு மணி நேரம். வாட் பூமின் கோயிலின் உள்சுவரில், உடம்பெல்லாம் பச்சை குத்திய ஓர் ஆண் ஒரு பெண்ணின் காதருகே கை வைத்து ஏதோ கிசுகிசுக்கும் ஓவியம் இருக்கிறது. ஊரே அதைச் சட்டையிலும் பையிலும் அச்சடித்து விற்கிறது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். மற்ற சுவர்களில் நெசவு, சந்தை, வெளிநாட்டுக் கப்பல் என்று நூறு வருடத்துக்கு முந்தைய வாழ்க்கை அப்படியே இருக்கிறது. ஒரு முழுக் காலைப் பொழுதாவது கொடுங்கள். மூன்று இரவு தங்கினால்தான் அந்த ஊர் பிடிபடும்.

நாங்கள் சுத்த சைவம். கிராமங்களில் என்ன சாப்பிடுவது? (கோவை வாசகி)

‘ஜே’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் இருந்தால் அது சைவக் கடை. முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மற்ற கடைகளில் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் இறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள், ‘நாம் ப்ளா’ எனும் மீன் சாறு ஊற்றத்தான் செய்வார்கள். அது அவர்களுக்கு உப்பு மாதிரி. பப்பாளிக்காய் சாலட் சைவம்தானே என்று நம்பிவிடாதீர்கள். அதில் நாம் ப்ளாவும் உலர்ந்த இறாலும் உண்டு. ஈசான் எனும் வடகிழக்குப் பக்கம் புளிக்க வைத்த மீனும் சேரும். கைகொடுப்பது ஒட்டரிசிதான். மூங்கில் கூடையில் ஆவியில் வெந்து வரும். விரலால் கிள்ளி உருட்டி, வறுத்த எள்ளோடு சாப்பிடுங்கள். நாங்கள் இரண்டு நாள் அதையே சாப்பிட்டிருக்கிறோம், ஒரு குறையும் இல்லை.

சியாங் மாய் போகிறோம். ‘நீள்கழுத்துப் பெண்கள்’ கிராமத்தில் நல்ல போட்டோ எடுக்க எந்த நேரம் சரி? குழந்தைகளும் வருகிறார்கள். (மதுரை வாசகர்)

எந்த நேரமும் சரியில்லை. இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலைந்து முறை வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் பெயர் கயான். தாய்லாந்தின் பழங்குடியும் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவின் கயா மாநிலத்தில் நடந்த சண்டைக்குத் தப்பி, 1980-களிலும் அதன் பிறகும் தாய்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள மே ஹோங் சோன் பக்கம் வந்து சேர்ந்த அகதிகள். நீங்கள் கேட்கும் சியாங் மாய் ‘கிராமம்’ பரம்பரையாக அவர்கள் வாழ்ந்த ஊர் அல்ல. பயணிகள் வருவதற்காகவே அவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். 2008-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு இதை வெளிப்படையாகவே பேசியது. நியூசிலாந்தும் பின்லாந்தும் சிலரை ஏற்கத் தயாராக இருந்தபோதும், தாய்லாந்து அவர்களுக்கு வெளியேறும் அனுமதி கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தது. சுற்றுலா வருமானம்தான் காரணம் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

கழுத்து நீள்வதும் இல்லை. ஒரே நீளப் பித்தளைக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். அதன் கனம் காறை எலும்பையும் மேல் விலா எலும்புகளையும் கீழே அழுத்துகிறது. அதனால் கழுத்து நீளமாகத் தெரிகிறது. சிறுமியாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இப்படி ஓர் இடத்துக்கு ஒரு முறை நானும் போயிருக்கிறேன். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு பக்கமும் துண்டும் சால்வையும் விற்கும் குடிசை வரிசை. ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டியில் வந்த ஒருவர் கேட்காமலே அவள் தோளில் கை போட்டு நின்றார். அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் நகர்ந்ததும் கரண்டியை எடுத்தாள். அடுத்தவர் வந்தார், மறுபடியும் கீழே வைத்தாள். குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தது. உங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று யோசியுங்கள்.

கயான் மக்களைச் சந்திக்கத்தான் வேண்டும் என்றால் மே ஹோங் சோன் வரை போங்கள். பாய் ஆற்றில் படகேறிப் போகும் ஹுவாய் பூ கெங் ஊரில் ஊர்க்காரர்களே வீட்டில் தங்கவைத்து, நெசவும் மூங்கில் வேலையும் சொல்லித் தருகிறார்கள். ஓர் இரவாவது இருங்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், படம் எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு நேரம் இல்லையென்றால் போகாமலே இருங்கள்.

மே ஹோங் சோன் பாதையில் ஸ்கூட்டர் எடுத்துப் போகலாமா? நம்மூர் லைசென்ஸ் போதுமா? (பெங்களூரு வாசகர்)

போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதில் இருசக்கர வண்டிக்கும் அனுமதி இருக்க வேண்டும். இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள். சியாங் மாயிலிருந்து வழியில் வரும் பாய் என்ற ஊர் வரைக்குமே 762 வளைவு என்று எண்ணிச் சொல்வார்கள். மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் வேனில் போகட்டும். நீங்களும் மாதம் எழுதவில்லை. பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை வடக்கு முழுவதும் மூடியிருக்கும், மலையே கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்த் தொடர்பு உள்ள இடம் ஏதாவது உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு. தெற்கே கிராபி மாகாணத்தில் க்ளோங் தோம் என்ற ஊரில், பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. நம்மூர்த் தட்டான் ஒருவர் ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து பொன் உரசியிருக்கிறார். தகுவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்ற குளத்தை மணிக்கிராமத்தார் எனும் வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்கிறது. பாங்காக்கில் பெரிய ஊஞ்சல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது. அங்கே மார்கழி, தை வாக்கில் நடக்கும் சடங்கின் பெயரான ‘திரியம்பாவாய்’ நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. அந்தச் சடங்கில் கம்பத்தில் ஊஞ்சல் ஆடுவதை 1935-இல் நிறுத்திவிட்டார்கள், சடங்கு தொடர்கிறது.

பனோம் ருங் கோயிலில் சூரிய ஒளி பதினைந்து வாசல் வழியாக வரும் நாளில் போகலாமா?

ஏப்ரல், செப்டம்பரில் சூரிய உதயத்துக்கும், மார்ச், அக்டோபரில் அஸ்தமனத்துக்கும் அது நடக்கும். ஆனால் கூட்டத்தில் தலைகள்தான் தெரியும். சாதாரண நாளில் கதவு திறக்கும் நேரத்தில் போங்கள். அணைந்த எரிமலை மேல் கட்டிய சிவன் கோயில். வாசல் மேல்கல்லில் பள்ளிகொண்ட பெருமாளை நின்று பாருங்கள். காணாமல் போய் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் கல்லைப் போராடி 1988-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பீ தா கோன் முகமூடித் திருவிழா அடுத்த வருடம் என்ன தேதி? டிக்கெட் இப்போதே போட வேண்டும்.

போடாதீர்கள். அது நடக்கும் ‘தான் சாய்’ ஊரின் சாமியாடிதான் நாள் குறிப்பார். பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலை. அறிவித்த பிறகு போடுங்கள்.

இ-சிகரெட் எடுத்துப் போகலாமா?

கூடாது. அங்கே சட்டவிரோதம்.

வருகை அட்டைக்கு ஓர் இணையதளம் பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்புங்கள்.

ஈசான் கிராமத்தில் என் கையில் வெள்ளை நூல் கட்டினார்கள். ஊர் வந்ததும் வெட்டிவிடலாமா? (திருநெல்வேலி வாசகி)

கேட்டீர்களே, சந்தோஷம். அது பாய் சீ சடங்கு. உடம்பை விட்டு அலையும் உயிரைக் கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டி நிறுத்துவதாக நம்பிக்கை. எனக்குக் கட்டிய பாட்டி, முதலில் நூலால் உள்ளங்கையை வெளிப்பக்கமாகத் தடவிக் கெட்டதைத் தள்ளினாள், அப்புறம் உள்பக்கமாகத் தடவி நல்லதைச் சேர்த்தாள், அதன் பிறகே முடிச்சுப் போட்டாள். மூன்று நாளாவது கையில் இருக்கட்டும். கத்தரிக்கோல் வைக்காதீர்கள், முடிச்சை அவிழ்த்து எடுங்கள். குப்பையில் போடாமல் ஒரு மரக்கிளையில் கட்டிவிடுங்கள்.