36 ட்யூப் பெட்டியும் காசிமேட்டுப் படகும்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உட்கார்ந்து விசைப்படகுகளை ஆயில் கலரில் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆன்லைனில் மரப்பெட்டியோடு 36 ட்யூப் செட் வாங்கினேன். நாலாவது நாளே வெள்ளை தீர்ந்துவிட்டது, மற்றதில் பாதியைத் திறக்கவே இல்லை. ‘கோபால்ட் புளூ’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, ட்யூபில் ‘கோபால்ட் புளூ ஹ்யூ’ என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
— திருவொற்றியூர் வாசகி

பதில்: கொஞ்சம் ஏமாந்தீர்கள், மீதி ஆசை செய்த வேலை. 36 ட்யூபைப் பார்த்தால் யாருக்குத்தான் கை ஊறாது?

‘ஹ்யூ’ என்றால் அந்த நிறம் மாதிரி இருக்கும், அந்த நிறமி இருக்காது என்று பொருள். கோபால்ட் விலை அதிகம் என்பதால் மாணவர் தர வண்ணங்களில் இப்படிச் செய்வது வழக்கம்தான், வெளிப்படையாக எழுதியிருந்தால் அது மோசடி ஆகாது. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும். பி.பி. 28 என்றால் அசல் கோபால்ட். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன், அது வேறொரு நீலம். கூடவே பி.டபிள்யூ. என்று ஏதாவது இருந்தால் வெள்ளையும் கலந்திருக்கிறது. எண்ணே போடாத ட்யூபை வாங்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் விளம்பரம் ஒன்று, பொருள் வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. விளம்பரப் பக்கத்தையும் ட்யூபையும் படமெடுத்து முதலில் விற்பவருக்கு அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

சரி, எதை வாங்குவது? பெரிய ட்யூபில் டைட்டானியம் வெள்ளை. சின்னதில் அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. அப்புறம் தாலோ பச்சை. நம் படகுகளின் பளீர் பச்சைநீலத்தை மற்ற ட்யூபுகளைக் கலந்து பிடிக்க முடியாது. ஆனால் தாலோவைக் கடுகளவுதான் எடுக்க வேண்டும், கொஞ்சம் மிஞ்சினால் பலகை முழுக்க அதுதான். துறைமுகத் தண்ணீரைக் கடல்தானே என்று நீலமாகப் பூசிவிடாதீர்கள். டீசல் படலம் மிதக்கிற அந்தச் சாம்பல் நிறம் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் வெள்ளையோடு சேர்ந்தாலே வந்துவிடும். படகின் பக்கவாட்டில் தொங்குகிற பழைய டயருக்கும் அதே கலவைதான், வெள்ளை மட்டும் சேர்க்காமல்.

மரப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முக்காலியில் பொருத்தி, திறந்த மூடியில் பலகையைச் சாய்த்து வரையும் சின்னப் பெட்டி போதும். அடியில் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கேமரா முக்காலியே உதவும். கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை என்று சொல்கிற கீலில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். மூடியைப் பாதி திறந்து ஒரு தட்டுத் தட்டுங்கள். அப்படியே நிற்க வேண்டும். சரிந்தால் வேண்டாம், காசிமேட்டுக் காற்று உங்கள் விரலைவிட முரடு.

வரையும் பலகைக்கு, தச்சரிடம் 8-க்கு 10 அங்குல எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) துண்டுகளை வெட்டி வாங்கி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கோட் அடித்தால் பாதிக் காசு மிச்சம். ஈரப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவரத் தனிப் பெட்டி விற்கிறார்கள். நான் இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நாலு மூலையிலும் பென்சில் ரப்பர் துண்டு செருகிக் கட்டிவிடுவேன். குடை வாங்கினால் கறுப்பு. கலர் குடை படத்தின் மேலேயே தன் சாயத்தை வீசும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோடு நிற்கும், சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் நீங்கள் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, வரைந்து முடிப்பதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். வெயில் கொளுத்தும் மாதங்கள் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போய் வரையப் போகிறேன். தூரிகை கழுவ டர்பன்டைன் எடுத்துப் போகலாமா?

பதில்: கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது குற்றம். ஒரு பொறி பட்டால் டர்பன்டைன் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். தூரிகையை லின்சீட் (ஆளி விதை) எண்ணெயில் அலசித் துணியில் துடைத்தால் போதும், அறைக்கு வந்து சோப்புப் போடலாம். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பையில் திணிக்காதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: படகுக்கு அடிக்கிற எனாமலே மலிவாக இருக்கிறதே, அதிலேயே வரைந்தால் என்ன?

பதில்: பிக்காசோவே ரிப்போலின் என்ற வீட்டு எனாமலால் வரைந்திருக்கிறார். ஆகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயில் கலரின் மேல் அதைப் பூசாதீர்கள். மேலே சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும், கீழே ஈரமாக இருக்கும், வெடிக்கும். பெயின்ட்டில் உள்ள ஈயத்தையும் கவனியுங்கள். 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கும் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்குத்தான். தொழில்துறைப் பெயின்ட்டுக்கு அது இல்லை. டப்பாவில் ஈயம் பற்றிய வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.