எழுதுவதன் மகிழ்ச்சியும் ஓய்வும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் முதல் சிறுகதையை எழுதி முடித்த இரவில், சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. அதிலிருந்து போட்டி அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் உறங்கியபின், பதினொரு மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். இப்போது கணினியைத் திறந்தாலே அலுப்பாக இருக்கிறது. கதை முடிந்தாலும் மகிழ்ச்சி வருவதில்லை. கெடுவுக்குள் அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதிதான் வருகிறது.

ஆறு மாதம் எழுதாமல் இருக்கலாமா என்று தோன்றுகிறது. ஆனால் நம் ஊரில் தமிழில் எழுதுபவர்களே சிலர்தான். அவர்களிலும் ஒருவர் நிறுத்தினால் அது மொழிக்குச் செய்யும் துரோகமாகாதா? நிறுத்தினால் கை மறந்துபோகுமோ என்ற பயமும் இருக்கிறது. என் முதல் கதையையும் கடைசியாக எழுதிய கதையையும் இணைத்திருக்கிறேன். மாத இறுதியில் இன்னொரு போட்டிக்குக் கெடு. பேத்திக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பாட்டியைப் பற்றிய கதை பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாசித்தேன். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அவற்றிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் கதையில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைக் கூட்டித் துடைக்கும் முதியவர் ஒருவர் வருகிறார். காலையில் காப்பிக் கடையில் பிளாஸ்டிக் பையில் காப்பி கட்டி வாங்கிவந்து, அதன் கயிற்றைத் தன் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். ஒவ்வொரு முறை சைக்கிளைக் கடக்கும்போதும் பையின் அடியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கிறார்; குடிப்பதில்லை. கடைசித் தூண்வரை துடைத்து முடித்தபின், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்து, முற்றிலும் ஆறிப்போன காப்பியை நிதானமாக உறிஞ்சிக் குடிக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, இந்த வயதில் ஏன் வேலை செய்கிறார் என்றெல்லாம் கதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அந்தப் புறங்கை இருக்கிறதே, அதை நின்று பார்த்த ஒருவரால்தான் எழுத முடியும். பார்த்ததில் திளைத்த ஒருவரால்தான் அதை அத்தனை வரிகளுக்கு விரித்து எழுதவும் முடியும். உங்களைத் தூங்கவிடாத சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பத்தியை வாசித்தபோது எனக்குப் புரிந்தது.

கடைசிக் கதை கட்டமைப்பில் முதல் கதையைவிடத் தேர்ந்தது. ஒரே மாடியில் வசிக்கும் நான்கு குடும்பங்கள், ஒரு சிறு பூசல், ஒரு விபத்து, இறுதியில் தீபாவளியன்று எல்லாரும் ஒரே மேசையில். பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆயினும் அந்த நான்கு வீடுகளில் ஒன்றின் வாசலில்கூட நான் ஒரு செருப்பைப் பார்க்கவில்லை. எந்த அடுப்பிலிருந்தும் வாசம் வரவில்லை. இதை வாசிக்கப்போகும் நடுவர் என்ன நினைப்பார் என்ற கவலை, உங்களுக்கும் அந்த மனிதர்களுக்கும் நடுவில் ஒவ்வொரு பத்தியிலும் வந்து நிற்கிறது. தூக்கக் குறைவு உங்களை வாட்டுவது உண்மைதான். ஆனால் மகிழ்ச்சி தடைபட்ட இடம் இதுவென்றே நினைக்கிறேன்.

நீங்கள் சிறு பிள்ளைகளோடு பழகுபவர் என்பதால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில், தாமாகவே ஆசைப்பட்டு மார்க்கர் பேனாவால் படம் வரையும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்பே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்ற இரு பிரிவினரைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவே இல்லை. பரிசால் கேடு வரவில்லை. பரிசுக்காக வரைகிறோம் என்ற நினைப்பே வரையும் ஆசையைக் குறைத்தது.

இது பிள்ளைகளோடு நிற்பதில்லை. தெரேசா அமபிலே என்ற ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரைக் கவிதை எழுதச் சொன்னார். அவர்களில் ஒரு பிரிவினர், எழுதுவதற்கு முன் சில நிமிடங்கள், பணம், புகழ் போன்ற வெளிக்காரணங்களைப் பற்றி மட்டும் யோசிக்க நேர்ந்தது. யார் எழுதியது என்று தெரியாமல் அந்தக் கவிதைகளை மதிப்பிட்ட கவிஞர்கள், அந்தப் பிரிவினரின் கவிதைகளில் படைப்பூக்கம் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். சில நிமிட யோசனையே எழுத்தின் தரத்தைத் தாழ்த்துமென்றால், ஆண்டுக்கணக்கில் போட்டி அறிவிப்புகளையே பார்த்து எழுதியவருக்கு அலுப்பு வருவதில் வியப்பில்லை.

போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசிய கலைகள் மன்றம் 1993 முதல் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடத்திவரும் தங்கமுனை விருதுப் போட்டி இல்லாவிட்டால், இங்கே பலர் தங்கள் முதல் கதையை எழுதி முடித்தே இருக்கமாட்டார்கள். கெடுவையும் நான் பகையாகப் பார்க்கவில்லை. 2008இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர் பி. கிருஷ்ணன், வானொலியில் பணியாற்றிக்கொண்டே, ஒலிபரப்பு நாளுக்குள் முடித்தாக வேண்டிய நாடகங்களை ஏராளமாக எழுதியவர். அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையை நகைச்சுவைத் தொடராக எழுதியபோது நேயர்களை அவரால் சிரிக்கவைக்கவும் முடிந்தது. கெடு அவரையும் நெருக்கியிருக்கும். ஆனால் அவர் கண் மனிதர்கள்மேல் இருந்தது. உங்கள் கண் அங்கிருந்து விலகியிருக்கிறது; அதைத் திரும்பக் கொண்டுவர இடைவெளி தேவை.

அடுத்து, துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அதுதான். இந்த ஊரில் தமிழில் எழுதுகிற ஏறக்குறைய எல்லாரும் சுமக்கும் பாரம் அது. 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடு. ஒவ்வொரு ஏப்ரலிலும் தமிழ் மொழி விழா மேடைகளில் நாம் இந்தக் கவலையோடுதான் கூடுகிறோம். நீங்களோ பகல் முழுவதும் நான்கு வயதுப் பிள்ளைகளின் வாயில் தமிழை வரவைக்கப் பாடுபட்டுவிட்டு, இரவில் அதே கவலையோடு கதை எழுத உட்காருகிறீர்கள். கவலை நியாயமானது, நானும் அதை உணராத நாளில்லை. ஆயினும் அது எழுதும் மேசைக்கு வரும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். பாத்திரங்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். பாட்டி கற்றுக்கொடுக்கிறார், பேத்தி கற்றுக்கொள்கிறாள், கதை மொழிப்பற்றில் முடிகிறது. வாசிக்கும் இளைஞருக்கு, தமிழ் என்றால் தாம் நிறைவேற்றத் தவறிய ஒரு கடமை என்ற உணர்வே மிஞ்சுகிறது. காப்பிப் பையைத் தொட்டுப் பார்க்கும் முதியவரின் கதையோ எந்தக் கடமையையும் நினைவூட்டவில்லை. அதை வாசித்த ஒரு பதினேழு வயதுப் பெண், தன் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் பார்க்கும் மனிதரைத் தமிழில் எழுத முடியும் என்று கண்டுகொள்வாள். மொழிக்கு நீங்கள் செய்யக்கூடியதில் அதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆறு மாதம் நீங்கள் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் தமிழுக்கு எந்தத் துரோகமும் நேராது. உங்கள் வகுப்பறையே அதற்குச் சாட்சி.

ஆனாலும் ஆறு மாதம் முற்றிலும் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தை விட்டுவிடாதீர்கள், எங்கும் அனுப்புவதை மட்டும் ஓராண்டுக்கு விட்டுவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியிராத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றன்று கண்ணில் பட்டதை, கதையாக்கும் எண்ணமே இல்லாமல், எழுதுங்கள். ஐந்து வரி போதும். எதுவும் தோன்றாத நாளில் எழுத வேண்டாம். அந்த வரிகளை மறுநாள் நீங்களே வாசிக்கும்போது ஒரு சொல் சரியாக விழுந்திருப்பது தெரியும். அந்தச் சிறு நிறைவு வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வாழ்த்துகளால் கிடைப்பதில்லை, அது அவ்வளவு விரைவில் வடிந்துபோவதும் இல்லை. கை மறந்துபோகும் என்ற பயத்துக்கும் அந்த ஐந்து வரியே மருந்து.

இரவு பதினொரு மணிக்குமேல் எழுதுவதை உடனே விடுங்கள். ஐந்தரைக்கு எழுந்து நாள் முழுவதும் குழந்தைகளோடு நின்றவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது உறக்கம். விழித்திருந்து எழுதுவது எழுத்தாளனின் இலக்கணம் என்று நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. உறக்கமில்லாத மூளையால் தேய்ந்த சொற்களைத்தான் எடுக்க முடியும். காரணம், தேடாமலே கைக்கு வருபவை அவைதான்.

ஓய்வு படைப்புக்கு எதிரானதும் அல்ல. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே, ஒரு கணக்கோடு நெடுநாள் மன்றாடிவிட்டு அதை மறந்து பயணம் சென்றிருந்தபோது, கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த கணத்தில் தீர்வு தோன்றியதாக எழுதியிருக்கிறார். கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் படைப்புச் செயலை நான்கு கட்டங்களாக வகுத்தபோது, உழைப்புக்கும் தீர்வு பளிச்சிடும் கணத்துக்கும் நடுவில், வேலையைத் தள்ளிவைத்து இருக்கும் காலத்தையும் ஒரு கட்டமாகவே வைத்தார். உழைக்காதவருக்கு அந்தக் கணம் வராது என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் உழைத்திருக்கிறீர்கள், இல்லாதது அந்த இடைக்காலம். பள்ளிக்குப் போகும் பேருந்திலும் காத்திருக்கும் நிறுத்தத்திலும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால், அது உங்களுக்கு நாள்தோறும் கொஞ்சம் கிடைக்கும்.

வாசிப்பிலும் இதே விடுதலை வேண்டும். போட்டிக்கு உதவுமா, நடையைக் கற்கலாமா என்ற நோக்கமின்றி எதையாவது வாசியுங்கள். எனக்குப் பிடித்தது, தேசிய நூலக வாரியத்தின் மின்னாவணத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டுவது. 1935இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் தலையங்கங்களைவிட, விளம்பரங்களும் மரண அறிவிப்புகளும் வாசகர் கடிதங்களும் என்னை மணிக்கணக்கில் பிடித்துவைக்கின்றன. அந்த நேரத்தால் எனக்கு என்ன பயன் என்று யாரேனும் கேட்டால் உடனடியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எழுந்திருக்கும்போது மனம் தெளிந்திருக்கிறது.

முழுநேர எழுத்தாளராக இல்லாததால்தான் இந்தச் சோர்வு என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களைப் பாடியவர்களில் தானியம் விற்ற கூல வாணிகர் உண்டு, துணி விற்ற அறுவை வாணிகர் உண்டு, பொற்கொல்லர் உண்டு. உங்களைப் போலவே பிள்ளைகளுக்குக் கற்பித்த கணக்காயரும் உண்டு. இந்த ஊரில் ந. பழனிவேலு டிராக்‌ஷன் கம்பெனி என்ற போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்தார், பிறகு வானொலியில் பணியாற்றினார். அதனூடே கவிதையும் கதையும் நாடகமும் எழுதி, 1986இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். வேலை நேரத்தைத் தின்கிறது, உண்மை. ஆனால் காப்பிப் பையை மாட்டிவைத்த அந்த முதியவரை நீங்கள் பார்த்ததுகூட வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கும்.

கடைசியாக, பாதியில் நிற்கும் பாட்டி கதை. அதை மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டாம். கெடு கடந்துபோகட்டும், நன்றாக உறங்குங்கள், அடுத்த பள்ளி விடுமுறையில் அதை எடுங்கள். பேத்தி வீட்டில் இருக்கும் நேரத்தை மட்டுமே உங்கள் கதை இதுவரை யோசித்திருப்பதாகத் தெரிகிறது. அவள் பள்ளிக்கும் மகனும் மருமகளும் வேலைக்கும் போனபின், அந்த வீட்டில் பகல் முழுவதும் பாட்டி தனியாக என்ன செய்கிறார்? எந்தச் சன்னலோரம் உட்காருகிறார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் எந்த மொழியில் பேசுகிறார், மதியம் தனக்கென்று சமைக்கிறாரா, காலையில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாரா? அந்தப் பகலை மட்டும் நோட்டில் எழுதிப் பாருங்கள். பேத்தி திரும்பி வரும்போது பாட்டி தமிழ்தான் கற்றுக்கொடுப்பாரா என்பதை அதன்பின் முடிவுசெய்யலாம். முடித்தபின் எனக்கு அனுப்ப விரும்பினால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்; அனுப்பாவிட்டாலும் குறையில்லை.

அன்புடன்