ஊறுகாய் பாட்டில் எறும்புகள் ஏன் செத்தன?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எறும்பு வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கொல்லையில் இருந்த கட்டெறும்பு வளையைக் கொத்திக் கிளறி, ஐம்பது அறுபது எறும்புகளை மண்ணோடு ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினான். சர்க்கரையும் போட்டான். பதினைந்து நாளில் எல்லாம் செத்துவிட்டன. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது நீல நிற ஜெல் நிரப்பிய எறும்புப் பெட்டி ஒன்றை வாங்கித் தரச் சொல்கிறான். என் மாமியாரோ, 'உயிரைப் பிடித்து அடைப்பது பாவம்' என்கிறார். வாங்கித் தரலாமா? நாங்கள் ஊருக்குப் போனால் அதுகளை யார் பார்த்துக்கொள்வது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பெட்டி வேண்டாம், சகோதரி. அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். எறும்பு வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக வளர்க்கட்டும். ஆனால் பெட்டி கடைசியில் வர வேண்டியது, உங்கள் மகன் அதை முதலில் கேட்கிறான்.

ஊறுகாய் பாட்டிலில் ராணி இல்லை. விஷயம் அவ்வளவுதான். வளையைக் கொத்தினால் கையில் கிடைப்பதெல்லாம் வேலைக்கார எறும்புகள். ராணி எங்கோ ஆழத்தில் இருப்பாள்; ஆபத்து என்றால் இன்னும் உள்ளே போய்விடுவாள். வேலைக்கார எறும்புகள் ராணி இல்லாமல் சில வாரமோ சில மாதமோ உயிரோடு இருக்கும், ஆனால் கூட்டம் பெருகாது, குறைந்துகொண்டேதான் போகும். மூடிய பாட்டில், ஈர மண், ஊறிப்போன சர்க்கரை, அதில் பூஞ்சை என்று சேர்ந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அமெரிக்காவில் 1956-இல் விற்பனைக்கு வந்து பிரபலமான எறும்புப் பண்ணைப் பொம்மையிலும் இதே கதைதான்: அஞ்சலில் வேலைக்கார எறும்புகள் மட்டும் வரும், ராணி வராது. உங்கள் மகன் கேட்கும் ஜெல்லில் இன்னொரு குறையும் உண்டு. அதில் இனிப்பு இருக்கும், புரதம் இருக்காது. எறும்புப் புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். படம் எடுக்க ஜெல் அழகு, குடும்பம் நடத்த உதவாது.

ஆக, தேட வேண்டியது ஒரே ஒரு ராணியை. அவள் தானாகவே வெளியே வரும் நாட்கள் உண்டு. கோடை மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், பருவமழை தொடங்கும் நாட்கள், காற்றே இல்லாத புழுக்கம் - அப்போதுதான் இறக்கை முளைத்த ராணிகளும் ஆண் எறும்புகளும் வளையை விட்டுப் பறந்து இணைசேரும். ஆண்கள் சீக்கிரமே இறந்துவிடும். ராணி கீழே இறங்கி, தன் இறக்கையைத் தானே ஒடித்துப் போட்டுவிட்டு, குழி தோண்ட இடம் தேடி நடப்பாள். அன்று சேர்த்துவைத்த விந்தை வைத்துத்தான் வாழ்நாள் முழுக்க முட்டையிடுவாள். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று, வளர்ப்பில் 28 வருடத்துக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது. உங்கள் மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் நீங்கள் அதற்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்க நேரலாம், இதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்!

மழை விட்டதும் தெருவிளக்குக்குக் கீழே தேடச் சொல்லுங்கள். அங்கே மொய்ப்பதில் பெரும்பாலும் ஈசல்தான் இருக்கும். ஈசல் எறும்பு இல்லை, இறக்கை முளைத்த கறையான்; கரப்பானுக்குத்தான் அது சொந்தம். நான்கு இறக்கையும் ஒரே நீளமாக இருக்கும், இடுப்பே இருக்காது. எறும்புக்கு இடுப்பு நூலாக இருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிடப் பெரிதாக இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் இன்னொரு தப்பு, பெரிய தலைக் கட்டெறும்பைப் பார்த்து ராணி என்று நினைத்துவிடுவது. அதுவும் வேலைக்காரிதான். ராணிக்குப் பெரிதாக இருப்பது தலையல்ல, முதுகு. இறக்கையை அசைத்த தசைகள் அங்கேதான் இருந்தன என்பதால் நெஞ்சுப் பகுதி திரண்டு மேடாக இருக்கும், வயிறும் கனத்திருக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக அலைகிறவளைப் பிடித்தால், அவள் இணைசேர்ந்தவளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் தடவைக்குக் கட்டெறும்பு ராணிதான் சரி. கொடுக்கு கிடையாது, கடித்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். உடம்பு பெரிது, பையன் கண்ணுக்கு எல்லாம் தெரியும். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு பக்கம் போக வேண்டாம். அதை மரத்திலேயே பார்ப்பதுதான் அழகு, வீட்டுக்குள் வந்தால் நீங்கள் வெளியே போக வேண்டியிருக்கும். சுள்ளென்று கொட்டும் சின்ன சிவப்பு எறும்பும் வேண்டாம்.

பிடித்தவளை எங்கே வைப்பது? ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் ஒரு டெஸ்ட் ட்யூப் வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடுகிற மாதிரி பஞ்சை இறுக்கி அடையுங்கள். பஞ்சு நனையலாம், தண்ணீர் ஒழுகக் கூடாது. அப்புறம் ராணி. வாய்ப்பக்கம் காய்ந்த பஞ்சு, இதைத் தளர்வாக வைத்தால் போதும், காற்று வர வேண்டும். ட்யூபைப் படுக்கவைத்து, ஒரு பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, உங்கள் ஊர் வெயிலுக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து வைத்துவிடுங்கள். சாப்பாடு வேண்டாம். கட்டெறும்பு ராணி முதல் குஞ்சுகள் வரும்வரை எதுவும் சாப்பிட மாட்டாள். இனித் தேவைப்படாத இறக்கைத் தசைகளையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்து, அதையே புழுக்களுக்கு ஊட்டுவாள்.

இனிமேல்தான் உங்கள் மகனுக்குக் கஷ்டம், ஏனென்றால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. என் முதல் ராணியை நான் இழந்தது இங்கேதான். கைக்கெட்டும் இடம் என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்; தினமும் இரவு டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஏழெட்டு முட்டை இருந்தது ஒருநாள் மூன்றானது, மறுநாள் ஒன்றும் இல்லை. கலவரப்பட்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஃபிரிட்ஜின் அதிர்வு ஒரு பக்கம், என் டார்ச் ஒரு பக்கம், பாவம் அவள் என்ன செய்வாள்! ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸின் சாவியை மாமியாரிடம் கொடுத்துவிடலாம் என்றுகூடச் சொல்வேன்.

முட்டை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் முட்டை இல்லை. மழைக்கு முன்னால் எறும்புகள் வாயில் கவ்விக்கொண்டு ஓடும் அந்த அரிசி மாதிரியான வெள்ளைகள் கூட்டுப்புழுக்கள். உண்மையான முட்டை ஒரு புள்ளியளவுதான். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று கடந்து முதல் வேலைக்காரி வர ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் ஆகலாம். வருகிறவை நோஞ்சானாக, வழக்கமான அளவைவிடச் சின்னதாக இருக்கும். பயப்பட வேண்டாம், தாயின் உடம்பிலிருந்து மட்டுமே வளர்ந்தவை அப்படித்தான் இருக்கும்.

அவை வந்ததும் சமையல் தொடங்கலாம். தண்ணீர் கலந்த தேன் ஒரு கடுகளவு, கொசு பேட்டில் அடித்த கொசு ஒன்று. கொசு விஷயத்தில் நம் ஊரில் பஞ்சம் வராது. ஆனால் மருந்து அடித்துச் செத்த கரப்பானைக் கொடுத்தால் கூட்டமே போய்விடும். எறும்பு சாக்பீஸும் கொசுவிரட்டி மருந்தும் அந்த அறைக்குள் வரக் கூடாது. மீந்ததை மறுநாளே எடுத்துவிடுங்கள். இருபது முப்பது எறும்பு சேரும்வரை ட்யூபே போதும். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திறந்து வைத்து, டப்பாவின் உள் விளிம்பில் முகப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால், ஏறுகிற எறும்பு சறுக்கி விழும். அந்தக் காலத்தில் அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து எறும்பு ஏறாமல் தடுத்தோமே, அதைத் தலைகீழாகச் செய்கிறோம், அவ்வளவுதான். பெட்டி கிட்டி எல்லாம் இதற்கும் பிறகுதான்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. வளையைக் கொத்தியது தப்புதான், ஒரு குடும்பத்தையே கலைத்த தப்பு. தெருவிளக்கின் கீழே கிடைக்கும் ராணியின் கதை வேறு. அன்று பறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல்லிக்கும் தவளைக்கும் குருவிக்கும் மற்ற எறும்புகளுக்கும் இரையாகிறவர்கள். ஒருத்தியை எடுத்தால் அந்த இடத்துக்கு நஷ்டமில்லை. காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ மட்டும் கை வைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். வெளிநாட்டு ராணிகளை இணையத்தில் வாங்கும் ஆசையும் பையனுக்கு வரும், வராமல் இருக்காது. 2025-இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளை இப்படி டெஸ்ட் ட்யூபும் பஞ்சுமாக வைத்திருந்த பெல்ஜியம் இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். தீர்ப்பு, 10 லட்சம் ஷில்லிங் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை. வெளியூர் எறும்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடு மேய்ப்பவர்களைப் படாத பாடு படுத்தியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அலுத்துப்போனால், பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் மாதம் என்றால் நிம்மதியாகப் போய் வாருங்கள், பத்து நாளானாலும் பரவாயில்லை; நீங்கள் வீட்டில் இல்லாதது அவளுக்கு நல்லதுதான். வேலைக்காரிகள் வந்த பிறகு என்றால், கிளம்பும் அன்று தேனும் ஒரு கொசுவும் வைத்து, ட்யூபில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஒரு வாரம் தாங்கும்.