பழைய பைக், புது வில்லங்கம்: வாசகர் கேள்வி-பதில்

பழைய பைக் வாங்கியவர்கள், விற்றவர்கள், வாங்கத் துடிப்பவர்கள் எழுதிய கடிதங்களாகச் சேர்ந்துவிட்டன. சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் தந்திருக்கிறேன்.

1991 மாடல் யமஹா ஆர்.எக்ஸ்.100. ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார். ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டதாம், "நீங்களே டூப்ளிகேட் எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார். வாங்கலாமா?
— திண்டுக்கல் வாசகர்

வேண்டாம். டூப்ளிகேட்டை அவரே எடுத்துக்கொண்டு வரட்டும். அதன் பிறகு விலை பேசுங்கள்.

எனக்கும் ஆர்.எக்ஸ்.100 தான். ஆர்.சி. இருக்கிறது, என்ஜின், சேசிஸ் எண்கள் அதோடு ஒத்துப்போகின்றன என்று மெக்கானிக் சொல்கிறார். அது போதுமா?
— மதுரை வாசகர்

போதாது. எண் ஒத்துப்போவது ஒன்று, அந்த எண் பிறந்ததிலிருந்தே அந்த வண்டியில் இருப்பது வேறொன்று. 1985 முதல் 1996 வரை மட்டுமே வந்த வண்டி இது. 98 சி.சி. டூ ஸ்ட்ரோக், நூறு கிலோ சொச்சம் எடை. ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் பாயும் அந்தக் குணத்துக்காகவே விலை ஏறிக்கொண்டு போகிறது. விலை ஏறிய இடத்தில் திருட்டு வண்டியும் ஒட்டு வண்டியும் வந்து சேராமல் இருக்காது.

வண்டியின் சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண் ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ராவிவிட்டு மறுபடி பன்ச் அடித்திருந்தால் எண்ணைச் சுற்றியுள்ள இரும்பு லேசாகப் பள்ளம் விழுந்து, மெல்லிய கோடுகளோடு இருக்கும். வண்டி முழுக்கப் பழைய பெயிண்ட் இருக்க, கழுத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பழைய புல்லட்டுகளில் எண்களே சற்றுக் கோணலாக இருப்பதுண்டு, ஆனால் ராவிய தடம் இருக்காது. எனக்கு விற்கப்பட்ட யெஸ்டி பைக் ஒன்றில் அந்தத் தடம் இருந்தது. மெக்கானிக்கின் வாய்வார்த்தையை நம்பி வாங்கினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பார்த்ததும் பெயர் மாற்ற மறுத்துவிட்டார்கள், பணமும் திரும்பவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண் கொடுத்துப் பார்க்க முடியும். ஐந்து நிமிட வேலை. செய்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

புல்லட் கிளாசிக்குக்குச் சத்தம் அதிகம் வரும் சைலன்சர் போடலாம் என்று இருக்கிறேன். எந்த பிராண்டு நல்லது?
— நாமக்கல் வாசகர்

எதுவும் நல்லதில்லை. கம்பெனி சைலன்சரோடு ஓட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 1986 புல்லட்டை ஒரு புரோக்கரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, "பெயர் மாற்றத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். இப்போது விபத்து இழப்பீட்டு வழக்கில் எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டியவர் யாரென்றே எனக்குத் தெரியாது.
— தஞ்சாவூர் வாசகர்

ஐயா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த நாளில் அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் பெருஞ்சுமை காப்பீட்டு நிறுவனத்தைச் சேரும். வண்டி கைமாறினாலும் அந்தக் காப்பீடும் கூடவே மாறியதாகச் சட்டம் கொள்கிறது. பிறகு ஒரு வழக்கறிஞரை வைத்து, புரோக்கரையும் வண்டியை இப்போது வைத்திருப்பவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், போனில் வந்த செய்திகள், டெலிவரி நோட்டு என எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். நோட்டீஸை அலட்சியம் செய்து தீர்ப்பாயத்துக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்போது இந்த வெற்றுப் படிவக் கையெழுத்தைப் பற்றி. பழைய வண்டிச் சந்தையில் எனக்கு ஆறாத கோபம் இதன்மேல்தான். புரோக்கர் ஏன் தன் பெயருக்கு மாற்றுவதில்லை? மாற்றினால் கட்டணம் கட்ட வேண்டும். ஆர்.சி.யில் இன்னொரு ஓனர் ஏறிவிட்டால் வண்டியின் விலையும் இறங்கும். அவருக்கு மிச்சமாகும் அந்தச் சில ஆயிரத்துக்காக, ஊர் பேர் தெரியாத ஒருவர் ஓட்டும் வண்டிக்கு நீங்கள் ஆண்டுக்கணக்கில் சட்டப்படி உரிமையாளராக இருக்கிறீர்கள். 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே போன்ற வழக்கு போனது. ஒரு கார் ஒருவரிடமிருந்து ஒருவராகக் கைமாறிக்கொண்டே போனது, பதிவில் மட்டும் பழைய பெயர். விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் "நான் அடுத்தவருக்கு விற்றுவிட்டேன்" என்றார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதற்குக் காரணம். அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான். அந்த நியாயத்தின் பாரம் புரோக்கர் மேல் விழாமல் தஞ்சாவூரில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர் மேல் விழுவதுதான் கொடுமை.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதி ஒன்று உண்டு. பழைய வண்டி வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் அதை இணையவழியே பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து வண்டிக்கும் அதனால் வரும் வினைக்கும் அந்த வியாபாரியே பொறுப்பு. ஆகவே விற்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் அங்கீகாரச் சான்று எங்கே?" என்பது. தனிநபருக்கு விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைக்கச் சொல்லி வாங்குபவரே கேட்டாலும் ஒப்புக்கொள்ளுங்கள், அப்போது மாற்றுவதில் இருவருக்கும் அக்கறை இருக்கும். வண்டியைக் கொடுத்த தேதி, நேரம் எழுதிய டெலிவரி நோட்டில் அவர் கையெழுத்து, ஆதார் நகல், வண்டியோடு அவர் நிற்கும் போட்டோ ஆகிய மூன்றும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சில வாரம் கழித்து அரசின் எம்பரிவாகன் செயலியில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

டெல்லியிலிருந்து பழைய புல்லட்டுகளை லாரியில் இறக்கி பாதி விலைக்குத் தருகிறார்கள். நம்பலாமா?
— ஓசூர் வாசகர்

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் நெருக்கடி. அங்கே ஓட்ட முடியாததை இங்கே தள்ளுகிறார்கள். பதிவு உயிரோடு இருந்து, தமிழ்நாட்டுக்கு என்றே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கியிருந்தால் பரிசீலிக்கலாம். இங்கே மறுபடி வரி கட்டி, மறுபதிவு செய்யும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அங்கே பதிவு ரத்தாகிவிட்டால் அது பழைய இரும்பு.

ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னவர், பணியிட மாற்றம் என்பதால் கிளாசிக் 350-ஐ அறுபதாயிரத்துக்குத் தருவதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். அடையாள அட்டை, சீருடையில் போட்டோ எல்லாம் அனுப்பினார். பார்சல் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று 38,000 அனுப்பிவிட்டேன். இப்போது எண் அணைந்திருக்கிறது. வீட்டில் சொல்ல பயமாக இருக்கிறது.
— கோயம்புத்தூர் வாசகி

வீட்டில் சொல்லுங்கள், சகோதரி. குற்றம் செய்தது நீங்கள் இல்லை. திருடிய அடையாள அட்டைகளை வைத்துக்கொண்டு நாடு முழுக்க நடக்கும் மோசடி இது. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்து, பணம் போன பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். பணம் அவர்கள் கணக்கில் இருக்கும்போதே முடக்க முடிந்தால் திரும்ப வாய்ப்புண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். "இன்னும் ஐயாயிரம் அனுப்பினால் முழுப் பணமும் திரும்பும்" என்று மறுபடி அழைப்பார்கள். எடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: வண்டியைத் தொட்டுப் பார்த்து, கிக்கரை உதைத்துப் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

யெஸ்டிக்குப் போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து) இரண்டு மாதம்தான். கொல்லிமலை இறங்கும்போது என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப் மேல் வழக்குப் போடலாமா?
— ஈரோடு வாசகர்

அவசரப்படாதீர்கள். எப்படி இறங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யெஸ்டியில் என்ஜினுக்குப் போகும் ஆயில் பெட்ரோலோடு கலந்தேதான் போகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரில் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் சொற்பமாகத்தான் உள்ளே போகும், அதோடு ஆயிலும் சொற்பம். புதிதாகப் போரிங் செய்த சிலிண்டருக்கு இது ஆகவே ஆகாது. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரைத் திறந்து விட வேண்டும்.

ஒர்க்‌ஷாப் பக்கமும் தவறு இருக்கலாம். அதே இடத்தில் கொடுக்காமல் வேறொரு மெக்கானிக்கிடம் பிரித்து, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே போதிய இடைவெளி விட்டிருந்தார்களா என்று அளந்து எழுதி வாங்குங்கள். இறுக்கமாகப் போரிங் செய்திருந்தால் அவர்கள் பொறுப்பு. ஜாம் ஆன பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ஜாம் ஆனது என்று அவர்கள் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எத்தனால் பழைய ரப்பர் டியூபைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். போரிங்கில் விட வேண்டிய இடைவெளிக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமில்லை.

அப்பாவின் 1968 ஜாவாவை ரெஸ்டோரேஷனுக்குக் கொடுத்தோம். 90,000 வாங்கிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். வந்த வண்டியில் பழைய ஜிகோவ் கார்புரேட்டர் இல்லை, ஸ்பீடோமீட்டரும் வேறு. கேட்டால் "உங்கள் வண்டியில் இருந்ததே இதுதான்" என்கிறார்கள். அப்பா வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.
— சேலம் வாசகர்

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடிவிட்டது. கிக்கரே கியர் லிவராகவும் வேலை செய்யும் அந்த வண்டிக்கு அசல் பாகம் என்று இனி இருப்பது, அப்படிப்பட்ட வீடுகளில் பத்திரமாக இருக்கும் வண்டிகளில்தான். அதைக் கழற்றி இன்னொருவருக்கு விற்பது அப்பட்டமான திருட்டு.

பணம் வாங்கிச் செய்த வேலை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது, ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆதாரம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். கல்யாண ஆல்பம், கோயில் வாசலில் எடுத்த போட்டோ என்று அந்த வண்டி தெரியும் பழைய படங்களையெல்லாம் தேடுங்கள். ஸ்பீடோமீட்டர் தெரியும் ஒரு படம் கிடைத்தாலே அவர்கள் பேச்சு பொய்யாகிவிடும். பாகங்களைத் திருடியதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள்.

ரெஸ்டோரேஷனுக்குக் கொடுக்க இருப்பவர்கள் கார்புரேட்டர், மேக்னட், மீட்டர், லைட், டேங்க் மூடி வரை ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி, ஒர்க்‌ஷாப்காரர் கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகம் துருப்பிடித்திருந்தாலும் சாக்கில் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். அசல் என்று சொல்லி எனக்குத் தரப்பட்ட சைலன்சர் ஒன்றின் குரோம் முதல் மழைக்காலத்திலேயே உரிந்தது. அதற்குள் என் பழைய சைலன்சரை விற்றுவிட்டிருந்தார்கள்.

"பாபி பைக்" என்று ஒரு ராஜ்தூத் விற்பனைக்கு வந்திருக்கிறது. சினிமாவில் ஓடிய வண்டியே இதுதான் என்று இரட்டை விலை சொல்கிறார்.
— புதுச்சேரி வாசகர்

1973-இல் வந்த இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டியதால் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175-க்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சின்னச் சக்கரத்தோடு பொம்மை மாதிரி இருக்கும் அழகான வண்டி, ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த மாடல் என்பதற்கு ஒரு விலை, அந்த வண்டியே என்பதற்கு இன்னொரு விலை. இரண்டாவதற்குத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆவணம் ஏதாவது இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் முதல் விலையைக் கொடுங்கள்.

சே குவேரா மாதிரி பழைய பைக்கில் தனியாக லடாக் வரை போக ஆசை. பட்ஜெட் 50,000. 1980-களின் புல்லட் தாங்குமா?
— சென்னை வாசகர்

தம்பி, அவர் தனியாகப் போகவில்லை. 1952-இல் நண்பர் அல்பெர்த்தோ கிரானாதோவோடு, அவருடைய பழைய நார்ட்டன் 500-இல் கிளம்பினார். அந்த வண்டி வழியெல்லாம் பழுதாகி சிலியிலேயே நின்றுவிட்டது. மிச்சப் பயணம் லாரியிலும் கப்பலிலும் நடந்துமாகத்தான்.

வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா என்பது கேள்வி. பாயிண்ட் சரிசெய்யவும், டேப்பட் பார்க்கவும், கிளட்ச் கேபிள் மாற்றவும் உங்கள் கையாலேயே தெரிந்தால் போங்கள். தெரியாவிட்டால் ரயில் போகும் ஊர்வரை வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். ரயிலில் ஏற்றும் முன் டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிட வேண்டும், ஆர்.சி. நகல் வேண்டும். லடாக் போய் வாடகைக்கு எடுப்பதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டிதானா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

ரோட்டோரத்தில் 350 ரூபாய் ஹெல்மெட்டிலும் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கிறதே?
— திருநெல்வேலி வாசகர்

ஒரு லட்சத்துக்கு வண்டி வாங்குகிறீர்கள், தலைக்கு 350 ரூபாயா? ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 4151-உம், உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு கடையில் வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அந்தத் தரச்சான்று இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம்.

தாத்தாவின் புல்லட்டுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. விண்டேஜ் பதிவு செய்து "வி.ஏ." எண் வாங்கலாமா? தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன்.
— காரைக்குடி வாசகர்

தினமும் ஓட்டுவதென்றால் வாங்காதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. இப்போதுள்ள ஆர்.சி.யையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள். காப்பீடு எடுக்கும்போது வண்டியின் மதிப்பை நிறுவனத்தோடு பேசி எழுத்தில் வாங்குங்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அதை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அவர்கள் போடும் அடிமாட்டு விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.