முறிகண்டியில் இறங்கும் முள், மாங்குளத்தில் ஏறுகிறது: எஞ்சினை மாற்ற வேண்டுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு மாருதி 800. மாதம் ஒருமுறை தாயாரை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப் போவார். ஏ9 வீதியில் கிளிநொச்சி தாண்டியதும் ஹீற் முள் (எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்) ஏறத் தொடங்குகிறது. முறிகண்டியில் எஞ்சினை நிறுத்தாமல் கச்சான் வாங்க நின்றால் இறங்குகிறது. மாங்குளம் வருவதற்குள் மறுபடி ஏறுகிறது. காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் நீலப்புகை, ஒயில் பெரிதாகக் குறையவில்லை. கராஜில், "போர் தேய்ஞ்சு போச்சு, எஞ்சினையே மாத்துங்கோ" என்றிருக்கிறார்கள். போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். அடுத்த நாளே ஒரு புரோக்கர் "ரீகண்டிஷன் எஞ்சின்" இருக்கிறதென்று வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாராம்.

மாற்ற வேண்டாம். அந்தப் புரோக்கருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நிற்கும்போது முள் இறங்குகிறதென்றால், எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆற்றும் ரேடியேற்றருக்குப் பின்னால் உள்ள மின்விசிறி ஒழுங்காக வேலை செய்கிறது. ஓடும்போது ஏறுகிறதென்றால், எஞ்சின் அதிகமாகச் சூடாகும் அந்த நேரத்தில் ரேடியேற்றரால் அவ்வளவு தண்ணீரை ஆற்ற முடியவில்லை. அதன் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. போர் தேய்ந்தால் ஒயில் குறையும், இழுவை குறையும், ஆக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க நீலப்புகை வரும். காலையில் மட்டும் வரும் புகை பெரும்பாலும் வால்வு சீல் காய்ந்துபோனதால் வருவது. அது சின்ன ரப்பர் சாமான், அதற்காக எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

இந்த எஞ்சின் 796 சீசீ, மூன்று சிலிண்டர், 40 குதிரைவலுவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று சிலிண்டர் என்பதால் சும்மா நிற்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைக் காட்டிக்கூட "மவுன்ற் போச்சு" (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது) என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன எஞ்சின், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வன்னி வெயிலில் ஓடுகிறது. தண்ணீர் ஒழுங்காக ஓடும்வரை சளைக்காது. ஆனால் சூடு ஏறினால் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதுதான் இதன் பலவீனம்.

அடைப்பு எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் அப்படித்தான். அதே தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேற்றருக்குள் ஊற்றினால் உள்ளே நடப்பதும் அதேதான். ஒழுக்கு நிற்கட்டும் என்று மஞ்சள்தூள் போட்டவர்களும் உண்டு. உங்களுக்கு முதல் வைத்திருந்தவர் என்னவெல்லாம் போட்டாரோ!

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. எஞ்சின் சூடானதும் நிறுத்தி, விசிறியின் வயரைக் கழற்றிவிட்டு (தானாகச் சுழன்றால் விரல் போய்விடும்), ரேடியேற்றரின் முன்பக்கத்தைப் புறங்கையால் தொடாமல் தடவுவதுபோல் கொண்டு போங்கள். எல்லா இடமும் ஒரேயளவு வெக்கையடிக்க வேண்டும். நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பித்தளை ரேடியேற்றர் என்றால் மேல் தொட்டியைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தப்படுத்தலாம். அலுமினியம் மாற்றிப் போட்டிருந்தால் புதிது வாங்குங்கள். பற்றரி அசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அது ஹெட்டையும் சேர்த்து அரிக்கும்.

அப்புறம், தேர்மோஸ்ரற் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா என்று கேளுங்கள். "இந்த வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிவது எங்கள் கராஜ்களின் பழக்கம். எறிந்தால் காலையில் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், பெற்றோல் கூடப் போகும், ஒயிலில் கசடு சேரும். ரேடியேற்றர் மூடியையும் மாற்றுங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து, தண்ணீரை 100 பாகையில் கொதிக்கவிடாமல் வைப்பது அந்த மூடிதான்.

எஞ்சினைத் திறக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்பக்கம் தயிர்போல வெளிறிய கூழ் ஒட்டியிருக்கிறதா? மாரி காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஒயில் அளவு பார்க்கும் கம்பியிலும் அதே கூழ் இருந்தால்தான் கவலை, தண்ணீர் ஒயிலில் கலக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். சூடேறும்முன்பே குமிழ்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கற் என்ற தகடு போயிருக்கிறது. அப்போதும் எஞ்சினை மாற்றச் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புதுக் காஸ்கற்றுடன் பூட்டினால் போதும். சமப்படுத்தாமல் காஸ்கற்றை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும்.

புரோக்கர் எஞ்சின் விஷயத்தில் பெரிய வில்லங்கம் எஞ்சின் நம்பர். உங்கள் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் எஞ்சினில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றினால் புத்தகத்திலும் திருத்த வேண்டும். "அதெல்லாம் நான் ஆள் வைச்சுச் செய்து தாறன்" என்பார். செய்யமாட்டார். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கடதாசி தரமாட்டார். பிறகு நீங்கள்தான் லீவு போட்டு, பஸ் ஏறி, கந்தோர் வாசலில் நிற்கவேண்டும். ஒரு நம்பரைத் திருத்த ஒரு மனிதனை எத்தனை தரம் அலைக்கழிப்பது?

ரேடியேற்றர் சுத்தமானதும் கூலன்ற் (ரேடியேற்றருக்கான குளிராக்கித் திரவம்) ஊற்றுங்கள். கலக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீர் வாங்குங்கள். அவசரத்துக்கு மழைத்தண்ணீரும் பரவாயில்லை. மாரி தொடங்கி முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, மூன்றாவதைத் துணியால் வடித்து இரண்டு போத்தலில் பிடித்து டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.