ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வரும் மே மாதத்தோடு 60 வயதில் ஓய்வு பெறுகிறேன். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிடுகிறார்கள். "இத்தனை வருஷம் உழைத்தது போதும், வீட்டில் இருங்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பென்ஷன் வரும். போகலாமா, வேண்டாமா?

பதில்: தாராளமாகப் போங்கள் டீச்சர். உடம்பு ஒத்துழைக்கிறது, வகுப்பெடுக்கப் பிடித்திருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது அன்றாடக் கணக்குகளைச் சரிபார்க்கும் கன்கரன்ட் ஆடிட்டராக வேறொரு கிளைக்குப் போய்வருகிறேன்.

பிள்ளைகள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது ஓய்வு இல்லை. எனக்கு ஓய்வு கிடைத்தது ஆபீஸிலிருந்து மட்டும்தான். வேலைக்குப் போன காலத்தில் ஒன்பது மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கணவர் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார், மாமியாரின் மாத்திரைகளை மகன் பார்த்துக்கொண்டான். நான் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அத்தனையும் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. "அம்மா வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் நான், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நான், சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் முந்தின நாளே போய் நிற்க நான். பேத்தியோடு இருப்பது எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். ஆனாலும் காலையிலிருந்து இரவுவரை மற்றவர்களின் நேரத்துக்குக் காத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பல வருஷம் உழைத்துக் கற்ற தொழில் ஒன்று எனக்குள் சும்மா கிடந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

கன்கரன்ட் ஆடிட் என்பது வருஷம் முடிந்த பிறகு செய்யும் தணிக்கை இல்லை. அன்றாட நடவடிக்கைகளை அவை நடக்க நடக்கவே சரிபார்ப்பது. 1992 பங்குச்சந்தை மோசடி வெளியே வந்த பிறகு, 1993இல் ரிசர்வ் வங்கி இந்த முறையைக் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகளைப் பல வங்கிகள் இதற்கு ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. புதிதாக வந்தவர் கணினித் திரையில் இருப்பதைப் பார்ப்பார். எங்களுக்கு எங்கே தப்பு நடக்கும் என்று தெரியும், நேராக அங்கே போவோம். ஒருமுறை நகைக்கடன் பதிவுகளைப் புரட்டும்போது, கல் வைத்த அட்டிகை ஒன்றுக்கு மொத்த எடையும் நிகர எடையும் ஒரே எண்ணாக இருந்தது. கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்துக்குக் கடன் கொடுக்க வேண்டும். பாக்கெட்டை எடுக்கச் சொல்லி, மதிப்பீட்டாளரை வைத்து மறுபடி எடை போட்டோம். பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி, "மேடம், இது எப்படிக் கண்ணில் பட்டது?" என்று கேட்டாள். மாலையில் அவளை உட்காரவைத்து ஒரு பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் இருந்த நாட்களில் எனக்கு இல்லாமல் போனது இதுதான். உங்களுக்கும் வகுப்பறையை விட்டு வந்தால் இதே ஏக்கம் வரும்.

சரி, கஷ்டமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும்போது பதவி நம்மோடு வராது. ஒரு காலத்தில் என் கையெழுத்தில் கடன் அனுமதியாகும். இப்போது குறையை அறிக்கையில் எழுதலாம், அவ்வளவுதான். திருத்த வேண்டியது கிளை மேலாளர், அவர் என்னைவிட மிகவும் சின்னவர். முதல் சில வாரங்கள் இது மனதை உறுத்தியது. இப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்ததால்தான் நான் கடைசியாக வேலை பார்த்த கிளையைக் கேட்கவே இல்லை. பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்வது இரண்டு பேருக்குமே நல்லதில்லை. உங்களைக் கூப்பிடுவது வேறு பள்ளி என்பதால் அந்தச் சங்கடம் உங்களுக்கு இருக்காது.

ஆனால் தனியார் பள்ளியில் சில விஷயங்களை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை பீரியட்? ஏப்ரல், மே வெயிலில் அட்மிஷனுக்காக வீடு வீடாகப் போகச் சொல்வார்களா? பல பள்ளிகளில் ஆசிரியர்களை அனுப்புகிறார்கள், இந்த வயதில் அது வேண்டாம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கும் பதில் சொல்ல வேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பாதியில் விட்டுப் போகாமல் இருக்க அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

பண விஷயம். தனியார் பள்ளியில் சம்பளம் வாங்குவதால் உங்கள் பென்ஷன் நிற்காது. ஆனால் வரிக் கணக்கில் இரண்டும் சேரும். பள்ளிக்கு உங்கள் பென்ஷன் எவ்வளவு என்று தெரியாது, அவர்கள் சம்பளத்தை மட்டும் வைத்து வரி பிடிப்பார்கள். புதிய வரிமுறையில் வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான கழிவு 75,000 ரூபாய், பென்ஷன், சம்பளம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான். அதனால் ரிட்டர்ன் போடும்போது கையிலிருந்து கட்ட வேண்டியது வரலாம், அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, சம்பளமாகத் தருகிறார்களா, ஆலோசனைக் கட்டணம் என்று தருகிறார்களா என்று கேளுங்கள். கட்டணம் என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், அது தொழில் வருமானமாகிவிடும். 60 வயது முடிந்தவர்களுக்குத் தொழில் வருமானம் இல்லாதவரை வருஷம் முடியும் முன்பே கட்டும் முன்கூட்டிய வரியிலிருந்து விலக்கு உண்டு. கட்டணமாக வாங்கினால் அந்த விலக்கு போய்விடும். பிடித்தம் போக வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமானால் தவணை தவணையாகக் கட்டவேண்டி வரும். என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர் இது தெரியாமல் வட்டி கட்டினார். உங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளமாக வாங்குவதுதான் எளிது.

வீட்டில் எப்படிப் பேசுவது என்றும் கேட்பீர்கள். நான் மறுபடி சேருவதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, மாத்திரை யார், சிலிண்டர் யார், பேத்தியைக் கூட்டி வருவது யார் என்று பேசி முடித்தேன். வேலையில் சேர்ந்த பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும். செவ்வாய், வியாழன் சாயங்காலம் பேத்தி என்னோடுதான் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மகன் கொஞ்சம் முணுமுணுத்தான், பிறகு பழகிக்கொண்டான்.

மே முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் அதே நேரத்தில்தான் உங்கள் பென்ஷன், கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பேப்பர்களுக்காகக் கருவூலத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். ஜூன், ஜூலையில் சில நாள் லீவு தேவைப்படும் என்று தாளாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதைப் பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.